மண்டைல நிக்கறது வேற, கைல நிக்கறது வேற: எதை எப்படி படிக்கணும்

டூவீலர் லைசென்ஸ் எடுக்க ஆர்டிஓ ஆபீஸ் போனவங்க எல்லாருக்கும் தெரியும், அங்க டெஸ்ட் ரெண்டு. மொதல்ல எல்எல்ஆருக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து இந்த போர்டுக்கு என்ன அர்த்தம், பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா என்ன செய்யணும்னு டிக் பண்ற டெஸ்ட். அது முடிஞ்சு குறைஞ்சது 30 நாள் கழிச்சு கிரவுண்ட்ல கால் ஊனாம எட்டு போடற டெஸ்ட். மொத டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி உக்காந்து படிச்சா கூட போதும், எட்டுக்கு அது நடக்காது, எட்டு போடறது எப்படினு எத்தன வீடியோ பாத்தாலும் வண்டில ஏறி போட்டு போட்டுதான் வரும். அதே மாதிரி கிராமத்துல வருஷக்கணக்கா வண்டி ஓட்டிட்டு இருக்கறவர் எட்ட கண்ண மூடிட்டு போடுவாரு, ஆனா போர்டு டெஸ்ட்ல நோ ஸ்டாப்பிங்குக்கும் நோ பார்க்கிங்குக்கும் வித்தியாசம் கேட்டா முழிப்பாரு. ஒரே லைசென்ஸ்தான், ஆனா அது நம்மகிட்ட ரெண்டு விதமான ஞாபகத்த கேக்குது, ஒண்ணு தகவல், இன்னொண்ணு செய்கை.

இந்த ரெண்டையும் பிரிக்காம படிக்கறதுலதான் நம்ம பசங்களோட நேரம் ரொம்ப வீணா போகுது. செய்ய வேண்டியத படிச்சிட்டே இருக்காங்க, கேள்வி கேட்டு நினைவுபடுத்த வேண்டியத திரும்ப திரும்ப வாசிச்சிட்டே இருக்காங்க, அப்புறம் எனக்கு ஞாபகசக்தியே கிடையாதுனு முடிவு பண்ணிடறாங்க. பெரும்பாலும் ஞாபகசக்தில ஒரு கோளாறும் இருக்காது, முறைதான் மாறி போயிருக்கும். எதை எந்த முறைல படிக்கணும்னு எனக்கு தெரிஞ்சத எழுதறேன்.

இது ரெண்டும் நெஜமாவே வேற வேறயா

ஆமா, மூளைல எடமே வேற. 1953ல அமெரிக்கால ஹார்ட்ஃபோர்ட்ங்கற ஊர்ல ஹென்றி மோலைசன்னு ஒரு 27 வயசு ஆளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க, எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு, அதுக்காக மூளைல ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்னு சொல்ற பகுதில ஒரு பெரிய பங்க எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சது, ஆனா அதுக்கப்புறம் புதுசா எந்த விஷயமும் அவர் மனசுல தங்கல. இப்பதான் பேசிட்டு வெளிய போன ஆள் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தா யாரோ புதுசா வர்றாங்கனு நெனைப்பாரு, 2008ல இறக்கற வரைக்கும் அப்படித்தான் இருந்தாரு.

அவருக்கு பிரெண்டா மில்னர்ங்கற விஞ்ஞானி ஒரு வேலை குடுத்தாங்க. ஒரு நட்சத்திரம் ரெட்டை கோட்டுல வரைஞ்சிருக்கும், அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சில ஓட்டணும், ஆனா கையையும் பேப்பரையும் நேரா பாக்க கூடாது, கண்ணாடில தெரியறத பாத்துதான் ஓட்டணும். வீட்ல செஞ்சு பாருங்க, மொத தடவ கை எங்கெங்கயோ போகும். ஹென்றிக்கும் அப்படித்தான் போச்சு, ஆனா மூணு நாள்ல தப்பு குறைஞ்சுகிட்டே வந்து கடைசில நல்லாவே ஓட்டினாரு, அதுவும் ஒவ்வொரு நாளும் இந்த வேலைய நான் முன்னாடி செஞ்சதே இல்லங்கற நெனப்போடயே உக்காந்துட்டு. செஞ்சது மனசுக்கு தெரியல, கைக்கு தெரிஞ்சிருக்கு.

இதோட மறுபக்கம் 1996ல வந்துச்சு. நோல்டன், மேங்கல்ஸ், ஸ்குவையர்னு மூணு பேர் ஒரு சோதனை வச்சாங்க, ஸ்க்ரீன்ல சில சீட்டு வரும், அத பாத்து மழையா வெயிலானு ஊகிக்கணும், விதி எதுவும் சொல்ல மாட்டாங்க, ஊகிச்சு ஊகிச்சுதான் பிடிபடும். ஹென்றி மாதிரி ஞாபகம் போனவங்களுக்கு இது பிடிபட்டுச்சு, ஆனா ஸ்க்ரீன்ல என்ன பாத்தோம்னு பின்னாடி கேட்டா சொல்ல வரல. பார்க்கின்சன் நோய் இருக்கறவங்களுக்கு அப்படியே தலைகீழ், பாத்ததெல்லாம் சரியா சொன்னாங்க, ஆனா அந்த நெளிவு சுளிவு பிடிபடல. ஏன்னா பார்க்கின்சன்ல அடிபடறது மூளையோட அடி ஆழத்துல இருக்கற பேசல் காங்க்லியா, பழக்கம் உருவாகறதுக்கு அது வேணும். ஒருத்தருக்கு இது போய் அது இருக்கு, இன்னொருத்தருக்கு அது போய் இது இருக்கு, அப்ப ரெண்டும் தனித்தனினு சொல்ல இத விட என்ன வேணும்.

மொதல்ல பிரிங்க

நீங்க கத்துக்க போறது எது, அத போன்ல ஒருத்தருக்கு சொன்னா போய் சேருமானு கேட்டு பாருங்க. மேகாலயா தலைநகர் ஷில்லாங்னு போன்ல சொன்னா அவ்ளோதான், அந்த நிமிஷத்துல இருந்து அது அவருக்கும் தெரியும். ஹாஃப் கிளட்ச்ல வண்டிய மேட்டுல நிறுத்தறது எப்படினு நீங்க அரை மணி நேரம் போன்ல விளக்கினாலும் அவரால செய்ய முடியாது. போய் சேந்தா தகவல், சேரலனா செய்கை. தகவல் மறந்து போகும், ஆனா வாங்கறது சுலபம். செய்கைய வாங்கறதுக்கு நாளாகும், வந்துட்டா சுலபத்துல போகாது.

பெரிய விஷயம் எல்லாமே கலவையாத்தான் இருக்கும், அதனால ஒரு பேப்பர எடுத்து நடுவுல கோடு போட்டு ரெண்டு பக்கமா எழுதிருங்க. சமையல்னா எந்த பருப்புக்கு எவ்ளோ தண்ணிங்கறது இடது பக்கம், வெங்காயம் பொடியா நறுக்கறது, சப்பாத்தி வட்டமா தேய்க்கறது, தாளிக்கும்போது கடுகு வாசனைய வச்சே அடுப்ப குறைக்கறது எல்லாம் வலது பக்கம். கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங்னா கமாண்ட் பேர் இடது பக்கம், ஒரு எர்ரர் வந்தா எங்க போய் தேடணும்ங்கற கை வலது பக்கம். எழுதினதும் ஒண்ணு தெரியும், நாம இதுவரைக்கும் வலது பக்கத்த இடது பக்க முறைல படிச்சிட்டு இருந்திருப்போம்.

இடது பக்கம்: தகவல் தங்கறதுக்கு

இதுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா புத்தகத்த மூடுங்கனுதான் சொல்வேன். ஹைலைட்டர் வச்சு மஞ்ச மஞ்சயா கோடு போட்டு நாலு தடவ வாசிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே ஒரு உணர்வு வரும், அந்த உணர்வு நம்மள ஏமாத்துது. 2006ல ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு பாத்தாங்க. ஒரு குரூப் ஒரு பத்திய நாலு சுத்து வாசிச்சாங்க, இன்னொரு குரூப் ஒரு சுத்து மட்டும் வாசிச்சிட்டு மூணு தடவ பாக்காம எழுதி பாத்தாங்க. 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்ப வாசிச்ச குரூப்புக்கு 83 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, எழுதி பாத்த குரூப்புக்கு 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டா வாசிச்சவங்க 40, எழுதி பாத்தவங்க 61. பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாசிக்கறது வேலை செய்யற மாதிரி தோணறதும் அடுத்த மாசம் எதுவும் ஞாபகம் இல்லாம போறதும் இதனாலதான்.

அப்புறம் இடைவெளி. எபிங்ஹாஸ்னு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத எழுத்து கூட்டங்கள மனப்பாடம் பண்ணி, எவ்ளோ வேகமா மறக்குதுனு தன்னையே வச்சு அளந்து 1885ல வெளியிட்டாரு, ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போயிருச்சு, ஒரு நாள்ல மூணுல ரெண்டு பங்கு போச்சு, ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆனாலும் கூட பெரிசா இறங்கல. அதாவது மொத நாள்தான் பள்ளம். அதனால இன்னைக்கு படிச்சத இன்னைக்கு தூங்கறதுக்குள்ள ஒரு தடவ, நாளைக்கு ஒரு தடவ, அப்புறம் மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சுனு புத்தகத்த மூடிட்டு கேட்டு பாருங்க. நாள் கணக்கு அப்படியே இருக்கணும்னு இல்ல, கொஞ்சம் மறக்க ஆரம்பிக்கற நேரத்துல கேக்கணும்ங்கறதுதான் முக்கியம்.

கேள்வி சீட்டு எழுதறவங்க ஒரு சீட்டுக்கு ஒரு கேள்விதான் எழுதணும், ரெண்டு பக்கத்துல இருந்தும் கேக்கணும். வேலூர் சிப்பாய் புரட்சி எந்த வருஷம்னு மட்டும் படிச்சா 1806ல என்ன நடந்துச்சுனு திருப்பி கேட்டா தடுமாறுவோம். தனி நம்பரா படிக்காம பக்கத்துல இருக்கறதோட கட்டி வைங்க, 1799ல திப்பு சுல்தான் செத்ததும் அவர் பிள்ளைங்கள வேலூர் கோட்டைலதான் வச்சிருந்தாங்க, அங்க புது தலைப்பாகை போடணும்னு சொன்னதும் சிப்பாய்ங்க கொதிச்சாங்க, அது 1857க்கு 51 வருஷம் முன்னாடி. இப்ப 1806 மறந்தாலும் 1799லயோ 1857லயோ இருந்து கிட்டத்தட்ட வந்துரலாம். குரூப் 4க்கு படிக்கற தம்பி தங்கச்சிங்க இத கண்டிப்பா செஞ்சு பாருங்க, ஆயிரம் ஒன் வேர்டு படிக்கறதுக்கு பதிலா இருநூறு கதையா படிச்சா அந்த ஆயிரமும் உள்ள வந்துரும். பதில் தெரியலனா உடனே திருப்பி பாக்காம ஒரு ஊகம் சொல்லிட்டு அப்புறம் பாருங்க, தப்பா சொன்னாலும் பரவால்ல, சரியான பதில உடனே பாத்துட்டா போதும், அந்த முயற்சியே பதில ஒட்ட வைக்கும்.

வலது பக்கம்: கைக்கு வர்றதுக்கு

இங்க டைப்பிங்க எடுத்துக்கறேன், ஏன்னா இத பத்தி நல்லா அளந்து வச்சிருக்காங்க. நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல சேந்தா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பேட்ச், மொத நாள் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அந்த பக்கம் செமிகோலன் எல் கே ஜே எச் ஜே, அதையே பக்கம் பக்கமா அடிக்க சொல்வாங்க. அவசரமா வேலைக்கு போகணும்ங்கறவங்க நான் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வர்றேன் சீக்கிரம் முடிச்சு குடுங்கனு கேப்பாங்க. 1978ல பேட்லி, லாங்மன்னு ரெண்டு பேர் இங்கிலாந்து தபால்காரங்களுக்கு டைப்பிங் சொல்லி குடுத்து இதத்தான் அளந்தாங்க. தினம் ஒரு மணி நேரம் உக்காந்தவங்க கீபோர்ட கத்துக்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் ஆச்சு, தினம் நாலு மணி நேரம் உக்காந்தவங்களுக்கு சுமார் 50 மணி நேரம் ஆச்சு. நாள் கணக்குல பாத்தா நாலு மணி நேர குரூப்தான் முன்னாடி முடிச்சாங்க, அதனால அவங்களுக்குத்தான் திருப்தியும் அதிகம், ஆனா உழைப்புக்கு கிடைச்ச பலன் ஒரு மணி நேரக்காரங்களுக்குத்தான். நம்ம இன்ஸ்டிடியூட் மாஸ்டருங்க இந்த ஆராய்ச்சிய படிச்சு பேட்ச் போடல, ஆனா சரியாத்தான் போட்டிருக்காங்க.

இடைல தூங்கறதும் கணக்குல சேரும். விரலால ஒரு வரிசைய வேகமா தட்டற வேலைய சாயங்காலம் பழகி, ராத்திரி தூங்கி, காலைல வந்து செஞ்சா நடுவுல ஒரு தடவ கூட பழகாமலே சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருக்கறத 2002ல வாக்கர் குழு பாத்தாங்க. அதனால ராத்திரி முழிச்சு பழகறது செய்கைக்கு ரொம்ப மோசம், பழகிட்டு போய் தூங்குங்க.

ஆரம்பத்துல வார்த்தை வேணும், அத ஒத்துக்கணும். எந்த விரல் எந்த எழுத்துக்கு, எந்த கால் கிளட்ச்சுக்குனு மனசுக்குள்ள சொல்லிட்டேதான் செய்வோம். அது மொத கட்டம். அப்புறம் தப்பு குறைஞ்சு அசைவு ஒண்ணோட ஒண்ணு சேரும், கடைசில வார்த்தையே இல்லாம ஓடும். இந்த மூணு கட்டத்த பிரிச்சு சொன்னவங்க ஃபிட்ஸும் போஸ்னரும், 1967ல. மொத கட்டத்துல மூணே மூணு குறிப்பு போதும், ட்ரைவிங் சொல்லி தர்றவர் பத்து குறிப்ப ஒரே நேரத்துல கத்தினாருனா கத்துக்கறவங்களுக்கு ஸ்டியரிங்கே கைல நிக்காது.

வேகத்த பத்தி ஒண்ணு. தப்பில்லாம செய்ய முடியற வேகம் எதுவோ அதுதான் உங்க இன்னைக்கு வேகம். பாட்டு டீச்சருங்க சரளி வரிசைய மொத காலத்துல சுத்தமா வந்தாத்தான் ரெண்டாங்காலம் மூணாங்காலம் போக விடுவாங்க, அது கண்டிப்புக்காக இல்ல. கை எது சரி எது தப்புனு பாக்காது, எது நிறைய தடவ நடந்துச்சோ அத வச்சுக்கும். தப்பான விரல்ல ரெண்டு மாசம் அடிச்சு பழகிட்டா அத அழிக்கறதுக்கு புதுசா கத்துக்கறத விட அதிக நாள் ஆகும்.

செஞ்சது சரியானு உடனே தெரியணும். டைப்பிங்னா ஸ்க்ரீன்ல தெரியும், எட்டுனா கோட்ட விட்டு வெளிய போனது தெரியும், ஆனா நீச்சல்ல கால் எப்படி அடிக்கறோம்னு நமக்கே தெரியாது, பேட்மிண்டன்ல மணிக்கட்டு எப்படி போகுதுனு தெரியாது. அதுக்கு பக்கத்துல ஒரு ஆள் வேணும், இல்லனா போன ஒரு எடத்துல சாய்ச்சு வச்சு வீடியோ எடுத்துட்டு உடனே பாத்துட்டு உடனே திரும்ப செய்யணும். சாயங்காலம் வீட்டுக்கு போய் பாத்தா பாதி பலன் போயிரும்.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை. 1978ல கெர், பூத்னு ரெண்டு பேர் 8 வயசு குழந்தைங்கள சின்ன பை ஒண்ண குறி பாத்து எறிய வச்சாங்க. ஒரு குரூப் 3 அடி தூரத்துல இருந்தே எறிஞ்சு பழகுச்சு, இன்னொரு குரூப் 2 அடிலயும் 4 அடிலயும் மாத்தி மாத்தி எறிஞ்சுச்சு, 3 அடில ஒரு தடவ கூட எறியல. கடைசி டெஸ்ட் 3 அடில. அதுலயே பழகினவங்கள விட மாத்தி மாத்தி எறிஞ்ச குழந்தைங்கதான் நல்லா எறிஞ்சாங்க. கிரவுண்ட்ல இருக்கற அதே எட்டுல அதே வண்டில மட்டும் பழகினா டெஸ்ட் பாஸ் ஆகும், ரோட்டுக்கு வந்தா திணறும். எட்ட சின்னதாவும் பெருசாவும் போடுங்க, வலது பக்கம் ஆரம்பிச்சும் இடது பக்கம் ஆரம்பிச்சும் போடுங்க, முடிஞ்சா வேற வண்டிலயும் போடுங்க. மாத்தி மாத்தி பழகும்போது நிறைய தப்பு வரும், முன்னேற்றமே இல்லாத மாதிரி தெரியும், அத பாத்து பயந்து ஒரே மாதிரி பழக்கத்துக்கு திரும்பிராதீங்க. அடிப்படை கைக்கு வந்த அப்புறம் செய்ய வேண்டியது இது, மொத நாளே வேணாம்.

எட்டு போட போறவங்களுக்கு சுருக்கமா: கியர் வண்டின்னா ஃபர்ஸ்ட் கியர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்க லேசா தொட்டுட்டே போங்க, கண்ணு முன் சக்கரத்துல இருக்க கூடாது, அடுத்து திரும்ப வேண்டிய எடத்துல இருக்கணும், தலை திரும்பினா வண்டி தானா அந்த பக்கம் வரும். இத நான் எழுதிட்டேன், நீங்க படிச்சிட்டீங்க, ஆனா இன்னும் உங்களுக்கு எட்டு வராது.

நல்லா செய்யறவங்க ஏன் நல்லா சொல்லி குடுக்க மாட்டேங்கறாங்க

இருபது வருஷம் கார் ஓட்டின அப்பா பொண்ணுக்கு சொல்லி குடுக்க உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல சண்டை வரும், கிளட்ச விடு விடுனு கத்துவாரு, எவ்ளோ விடணும்னு அவருக்கே வார்த்தைல தெரியாது. 2014ல அமெரிக்கால வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில நிமிஷத்துக்கு 72 வார்த்தை அடிக்கற 100 பேர்கிட்ட வெறும் கட்டம் மட்டும் இருக்கற கீபோர்ட் படத்த குடுத்து எழுத்த நிரப்ப சொன்னாங்க, 26 எழுத்துல சராசரியா 15தான் சரியா வச்சாங்க. விரலுக்கு எல்லா எழுத்தும் தெரியும், மனசுக்கு பாதிதான் தெரியும். அதனால யார்கிட்டயாவது கத்துக்க போனா எப்படி செய்யறீங்கனு கேக்காதீங்க, மெதுவா செஞ்சு காட்டுங்கனு கேளுங்க, கையயும் காலயும் பாருங்க. சொல்லி குடுக்கற எடத்துல நீங்க இருந்தா உங்களுக்கு வராத கையால ஒரு தடவ செஞ்சு பாருங்க, எங்கெங்க சிக்கும்னு அப்பத்தான் திரும்ப தெரிய வரும்.

டெஸ்ட் அன்னைக்கு பதட்டத்துல சொதப்பறதுக்கும் காரணம் இதுதான், கைக்கு தெரிஞ்சத மனசு கவனிக்க ஆரம்பிச்சிரும். ஒரு சோதனைல நல்லா ஆடற ஃபுட்பால் ப்ளேயர்ஸ பந்து காலோட எந்த பக்கம் படுதுனு கவனிச்சிட்டே ஓட்ட சொன்னா வேகம் குறைஞ்சு போச்சு, புதுசா ஆடறவங்களுக்கோ அந்த கவனம் உதவுச்சு. பழகும்போது கைய கவனிங்க, டெஸ்ட்ல போக வேண்டிய எடத்த கவனிங்க.

ரெண்டும் கலந்த எடங்கள்

வாய்ப்பாட எடுத்துக்கங்க. பாக்க தகவல் மாதிரி இருக்கு, ஆனா நாம ராகமா ஒப்பிச்சு ஒப்பிச்சு அத நாக்கோட செய்கையா மாத்திடறோம். அதனாலதான் ஏழெட்டு எவ்ளோனு திடீர்னு கேட்டா குழந்தை ஓரேழு ஏழுல ஆரம்பிச்சு ஓடி வந்துதான் ஐம்பத்தாறுனு சொல்லுது. ஒப்பிக்கறது தப்புனு நான் சொல்லல, அது நல்ல அஸ்திவாரம், ஆனா அதோட நிறுத்திடாம குலுக்கி போட்டு கேக்கணும், பஸ்ல போகும்போது, கடைல நிக்கும்போது ஏழெட்டு, ஒம்போதாறு, எட்டேழுனு. ஏடிஎம் பின் நம்பரும் இதே கதைதான், விரலுக்கு எடம் தெரியும், நம்பர் தெரியாது, போன்ல 1 2 3 மேல இருக்கு, கம்ப்யூட்டர் நம்பர் பேட்ல 7 8 9 மேல இருக்கு, எடம் மாறினதும் கை நிக்கும். விரலுக்கு மட்டும் தெரிஞ்ச முக்கியமான நம்பர அப்பப்ப வாய்க்குள்ள சொல்லி பாத்துக்கங்க.

ஸ்போக்கன் இங்கிலீஷ் ஊருக்கே இருக்கற வலி. பன்னெண்டு வருஷம் கிராமர் படிச்சு டென்ஸ் எல்லாம் பேப்பர்ல சரியா போடற பிள்ளைக்கு இண்டர்வ்யூல வாய் வரல, ஏன்னா படிச்சது பூரா இடது பக்கம், கேக்கறது வலது பக்கம். இன்னொரு கிராமர் புக் வாங்கறதுக்கு பதிலா தினம் பத்து நிமிஷம் சத்தமா பேசணும், அன்னைக்கு நடந்தத சொன்னா போதும், அடுத்த நாள் அதையே இன்னொரு விதமா சொல்லணும், போன்ல ரெக்கார்ட் பண்ணி கேக்கணும்.

சிபிஆர், அதாவது இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்ச அழுத்தி மூச்சு குடுக்கற முதலுதவி, அத கத்துக்கறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ, 5 செண்டிமீட்டருக்கு குறையாம 6க்கு மேல போகாம, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இது தகவல், அஞ்சு நிமிஷத்துல வந்துரும். ஆனா 5 செண்டிமீட்டர்னா எவ்ளோ பலம்னு பொம்மை மேல அழுத்தி பாத்தாத்தான் தோளுக்கு தெரியும். இது சைக்கிள் மாதிரி வாழ்நாள் பூரா நிக்காது, சில மாசத்துலயே தேய ஆரம்பிச்சிரும். தொடர்ந்து ஒரே ஓட்டமா செய்யற சைக்கிள், நீச்சல் மாதிரி செய்கை வருஷக்கணக்கா தங்கும், ஒண்ணு முடிஞ்சு அடுத்தது அடுத்ததுனு படிப்படியா போற செய்முறை சீக்கிரம் மறக்கும். அதனால சிபிஆர், ஃபயர் எக்ஸ்டிங்குயிஷர் எடுக்கறது, எப்பவாவது தான் செய்யற ஆபீஸ் வேலை, இதுக்கெல்லாம் படிகள எழுதி கண்ணுக்கு தெரியற எடத்துல ஒட்டி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ கொஞ்ச நேரம் செஞ்சு பாருங்க. வருஷத்துக்கு ஒரு நாள் முழுசா ட்ரெயினிங் போறத விட அது மேல்.

ஞாபகம் குறையற பெரியவங்க வீட்ல இருந்தா

இந்த பகுதிக்காகவே இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அல்சைமர்ங்கற மறதி நோய்ல சீக்கிரமே அடிபடற எடங்கள்ல ஹிப்போகேம்பஸ் ஒண்ணு. அதனால இன்னைக்கு என்ன கிழமை, காலைல என்ன சாப்டோம், வந்திருக்கறது யாருனு எல்லாம் போயிரும், ஆனா கைப்பழக்கம் பல பேருக்கு ஆரம்ப கட்டத்துல ரொம்ப நாள் நிக்கும். நாம அன்பாத்தான் செய்யறோம், ஆனா தினம் போய் நான் யாரு சொல்லுங்க பாப்போம், பேரு சொல்லுங்க பாப்போம்னு அவங்ககிட்ட இல்லாததையே கேட்டுட்டு இருக்கோம், அவங்க முகம் வாடி போகுது. கேக்காதீங்க, நீங்களே சொல்லிருங்க, பாட்டி நான் உங்க பேத்தி வந்திருக்கேன்னு. கேக்கறதுக்கு பதிலா கைல குடுங்க. பூ தொடுத்தவங்களுக்கு பூவும் நாரும், கோலம் போட்டவங்களுக்கு கோலமாவு, கீரை ஆஞ்சவங்களுக்கு ஒரு கட்டு கீரை. எப்படி செய்யறதுனு விளக்க வேணாம், நீங்க பக்கத்துல உக்காந்து ஆரம்பிச்சா அவங்க கை தானா சேந்துக்கும். அடுப்பு, கத்தி, வண்டி இதுக்கெல்லாம் மட்டும் கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா பத்த வைக்க கைக்கு தெரியும், பத்த வச்சது மனசுல தங்காது. வண்டி ஓட்டலாமா வேணாமாங்கறத டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

வீட்ல சாமான் இருக்கற எடத்த மாத்தாதீங்க, அவங்க கை டம்ளர தேடி போறது பழகின எடத்துக்குத்தான். புதுசா ஒண்ணு பழக்க வேண்டி வந்தா, போன்ல ஒரு பட்டன அமுத்தி உங்கள கூப்பிடறதுனு வைங்க, அங்க மேல தகவலுக்கு சொன்னதுக்கு நேர் எதிரா செய்யணும். ஊகிச்சு பாருங்கனு விடவே கூடாது. தப்பா அமுத்தினத தப்புனு மனசு ஞாபகம் வச்சுக்காது, ஆனா கை அந்த தப்ப பழகிக்கும், அதனால தப்பே நடக்காத மாதிரி சொல்லி குடுக்கணும்னு ஞாபகம் இழந்தவங்கள வச்சு பேட்லியும் வில்சனும் 1994ல காட்டியிருக்காங்க. அவங்க விரல பிடிச்சு சரியான பட்டன் மேல வச்சு அமுத்துங்க, அதே பட்டன், அதே எடம், அதே வார்த்தை, கொஞ்சம் கொஞ்சமா உங்க கைய தளர்த்துங்க, எங்க தயங்கறாங்களோ அங்க அவங்க தப்பு பண்றதுக்குள்ள திரும்ப பிடிச்சுக்கங்க. மத்த பட்டன் மேல ஒரு பேப்பர் ஒட்டி மறைச்சிட்டா இன்னும் நல்லது. தினம் ஒரே நேரத்துல, கொஞ்ச நேரம், அவங்களுக்கு அலுப்பு வர்றதுக்குள்ள நிறுத்திருங்க, நேத்து சொல்லி குடுத்தேனேனு மட்டும் கேக்காதீங்க.